பார்சல் போன விலாசம்

கோமதி, போன வாரம் நீ போனில் கேட்டது சின்னக் கேள்விதான். "யப்பா, ஊறுகாய்க் கடை வெப்சைட்டுல வரி போடுற பக்கத்துல நிக்கேன். எந்த விலாசத்த வச்சு வரி கணக்குப் பண்ணணும்னு கேக்கு. மூணு கட்டம் இருக்கு. எதுல டிக் போடட்டும்?" நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து உன் தம்பி சங்கர் பேசினான். "அப்பாவ எதுக்குக்கா தொந்தரவு பண்ணுதே? அவுக ரிட்டயர்டு ஆயிட்டாக. என்ன இருக்கோ அப்படியே உட்டுரு, சாப்ட்வேர் பாத்துக்கிடும்." நீ சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டேன்.

சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. உங்கள் அம்மாகூடக் கேட்டுவிட்டாள், "பிள்ளைய கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிய. அதுக என்ன செஞ்சுது பாவம்?" என்று. அதுகள் ஒன்றும் செய்யவில்லை. அந்த மூன்று கட்டத்தில் ஒரு முறை நான் டிக் போட்டிருக்கிறேன். அதைப் பற்றி உங்கள் இரண்டு பேரிடமும் நான் சொன்னதில்லை. ரிட்டயர்டு ஆனதாக நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. இரண்டையும் எழுதிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்பு படித்தவன். முப்பது வருஷமும் பிறத்தியாருடைய கணக்கையும் பிறத்தியாருடைய விளக்கக் கடிதத்தையும்தான் எழுதியிருக்கிறேன். சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாரிடம் நான் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. சங்கரன்கோவிலில் எல்லோரும் அவரை ஆடிட்டர் என்பார்கள். அவர் ஆடிட்டர் இல்லை. வியாபாரிகளுக்காக வரிக் கணக்குத் தாக்கல் செய்ய அனுமதி வாங்கியவர். ஆபீஸ் நூல் கடை மாடியில். பகல் முழுக்க விசைத்தறிச் சத்தம் தரை வழியாக ஏறி வரும். முதலில் விற்பனை வரி இருந்தது, பிறகு வாட் வந்தது, பிறகு ஜி.எஸ்.டி. வந்தது. சைக்கிளில் போய் பில் கட்டுகளை வாங்கி வந்த நான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டுகிறவன் ஆனேன். அந்த வருஷங்களைப் பற்றி இவ்வளவு போதும்.

சாரைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவருடைய மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் நாலு அடி. இருந்தாலும் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேஜை மணியைத் தட்டுவார். நான் எழுந்து, அந்த நாலு அடியை நடந்து போய், முன்னால் நிற்க வேண்டும். தன் கையால் எதையும் எழுத மாட்டார். வாயால் சொல்வார், நான் எழுதுவேன். எழுதியது சரியாக இருந்தால் அது சார் சொன்னது. தப்பாகப் போனால் அது நான் எழுதியது. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

எங்களிடம் கணக்குக் கொடுக்கும் வியாபாரிகளைப் பார்ட்டி என்போம். பார்ட்டிகளைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கை. "பார்ட்டிகிட்ட கேள்வி கேக்காதேரும்வே. கேட்டா அவனுக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா நாலு பேருகிட்ட விசாரிப்பான். விசாரிச்சா வேற ஆபீசுக்குப் போயிருவான். நமக்குத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியவே கூடாது."

இன்னொரு வழக்கமும் உண்டு. ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யும்போது வியாபாரியின் போன் நம்பரைக் கேட்பார்கள். அரசாங்கம் அனுப்புகிற ஓ.டி.பி., நோட்டீஸ் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். நாங்கள் வியாபாரியின் நம்பரைக் கொடுப்பதில்லை. ஆபீசிலேயே பழைய பட்டன் போன்களை வாங்கி, அதன் நம்பர்களைக் கொடுப்போம். ஒவ்வொரு போனின் முதுகிலும் வெள்ளை ஒட்டுத்தாளில் பார்ட்டிகளின் பேர் எழுதி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்திருந்தோம். ரிட்டர்ன் போடுகிற கடைசி நாட்களில் அந்த டின் வண்டு அடைத்த மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும். எங்கள் வசதிக்காகத்தான் அப்படிச் செய்தோம். ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் பார்ட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது சாரின் வாதம். அவர்களுக்கு அரசாங்கம் எழுதுகிற கடிதத்தை நாங்கள் வாங்கிப் பூட்டி வைத்திருந்தோம் என்பதை நான் அப்போது அப்படி யோசிக்கவில்லை.

எனக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. சார் வாயால் சொல்வதை மறந்துவிடக் கூடாதென்று, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்து அந்தந்தப் பார்ட்டியின் கோப்பில் குத்தி வைப்பேன். சார் சிரிப்பார். "என்னவே, ராசிபலனக் கிழிச்சு ரிக்கார்டு வைக்கீரு!" நானும் சிரிப்பேன்.

இனி ஜைத்தூன்.

கடையநல்லூர்க்காரி. முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அவள் மாப்பிள்ளை சவூதியில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு போய் ஊர் திரும்பியவர். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. அதற்குப் பிறகுதான் ஜைத்தூன் தொழிலில் இறங்கினாள். சங்கரன்கோவில் விசைத்தறிகளில் துணி எடுத்து, வீட்டில் நாலு பெண்களை வைத்து நைட்டி தைத்தாள். கைலியும், தொழுகைக்கான வெள்ளைத் துப்பட்டியும் வாங்கி விற்றாள். முதலில் போனில் படம் அனுப்பி விற்பனை. ஆர்டர் பெருகியதும் தென்காசியில் ஒருவரிடம் சொல்லி வெப்சைட் போட்டாள். அவர் எல்லாம் செய்து கொடுத்துவிட்டு, "வரி செட்டிங் மட்டும் உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். லேப்டாப்பைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி எங்கள் ஆபீசுக்கு வந்தாள்.

நான்தான் உட்கார்ந்து போட்டேன். பதிவு எண்ணை ஏற்றினேன். நைட்டிக்கு இவ்வளவு, கைலிக்கு இவ்வளவு என்று வரி விகிதத்தை ஏற்றினேன். சொன்ன விலையிலேயே வரி அடக்கமா, விலைக்கு மேலே வரியா என்று கேட்டது. மேலே என்று போட்டேன். தமிழ்நாட்டுக்குள் போனால் வரியை மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி என்று பிரித்துக் காட்ட வேண்டும். வெளிமாநிலம் போனால் ஒரே வரியாகக் காட்ட வேண்டும். அதையும் போட்டேன். வெளிநாட்டுக்குப் போனால் ஏற்றுமதி, வரி கிடையாது. அதையும் போட்டேன். அதற்கு அடுத்ததுதான் கோமதி, நீ நின்ற பக்கம். வரியை எந்த விலாசத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்? கடை விலாசமா, பில் விலாசமா, பார்சல் போகும் விலாசமா?

நான் யோசித்தேன். மணி அடித்தது. எழுந்து நாலு அடி நடந்து போய் நின்றேன்.

"என்னவே அங்கன முழிச்சிக்கிட்டு இருக்கீரு?"

"விலாசம் மூணு கேக்கு சார். பில் விலாசமா, பார்சல் விலாசமான்னு..."

"இதுல என்ன யோசன? பில்லு யாரு பேருக்கோ, வரி அவுக ஊருக்கு. நான் தொழில் படிச்ச நாள்ல இருந்து பில்லுதான் சட்டம். போடும் டிக்க."

அப்போது ஜைத்தூன் எழுந்து நின்றாள். "சார், ஒரு விசயம். எங்கூர்ல வாங்குறவுக பூராவும் வந்து..."

"யம்மா, நீ தைக்கிறதப் பாரு. வரிய நாங்க பாத்துக்கிடுதோம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் பில் விலாசத்தில் டிக் போட்டேன். நாள்காட்டித் தாளில் 'ஜைத்தூன் – வெப்சைட் – பில் விலாசம் – சார் சொன்னது' என்று குறித்து, தேதி தெரியும்படி கோப்பில் குத்தினேன். அவள் எங்கள் இரண்டு பேருக்கும் இனிப்புப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனாள்.

பிள்ளைகளே, அவள் முடிக்காத அந்த வாக்கியத்தின் மீதி இதுதான். கடையநல்லூரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். சபுராளி என்பார்கள். பெருநாள் வருகிறது என்றால் துபாயிலோ தம்மாமிலோ எட்டுப் பேர் தங்கும் அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்தச் சபுராளி போனில் ஜைத்தூன் கடையைத் திறப்பார். உம்மாவுக்கு ஒரு துப்பட்டி, பெண்டாட்டிக்கு இரண்டு நைட்டி, மச்சானுக்கு ஒரு கைலி. பணம் அந்த நாட்டு வங்கிக் கார்டில் போகும். பில் விலாசம் அந்த அறை. பார்சல் இறங்குவதோ கடையநல்லூரில் அவர் வீட்டு வாசலில். அவள் வியாபாரத்தில் முக்கால்வாசி இப்படித்தான். அங்கே போய் எந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். அவளை நம்பி ஆர்டர் கொடுத்தது அந்த ஊர்ச் சபுராளிகள்தான். அவளே அதைச் சொல்லத்தான் எழுந்து நின்றாள்.

வெப்சைட்டுக்கு அது தெரியாது. பில் விலாசம் வெளிநாடு என்று கண்டதும் ஏற்றுமதி, வரி இல்லை என்று போட்டது. சரக்கு போய் இறங்கும் இடத்தைத்தான் வரி பார்க்க வேண்டும். காசு எங்கிருந்து வந்தது என்பது கணக்கே இல்லை. பள்ளிவாசலுக்குத் தெற்கே தைத்த நைட்டி, பள்ளிவாசலுக்கு வடக்கே இருக்கும் வீட்டுக்குக் கூரியர்காரரின் ஸ்கூட்டரில் போனது. எங்கள் கணக்கில் அது கடல் தாண்டிப் போனது.

மாதாமாதம் நான்தான் ரிட்டர்ன் போட்டேன். வெப்சைட் கொடுக்கும் பட்டியலை அச்செடுத்தால் தாளில் முதல் ஏழெட்டுக் கட்டங்கள்தான் விழும். பேர், பில் விலாசம், தொகை, வரி. பார்சல் போன விலாசம் அதற்கும் வலது பக்கம் இருந்தது. திரையில் ஒரு முறை வலது பக்கம் தள்ளிப் பார்த்திருந்தால் கடையநல்லூர், கடையநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று வரிசையாகக் கிடந்திருக்கும். நான் தள்ளவில்லை. ஒரே ஒரு தடவை மனசு உறுத்திச் சாரிடம் கேட்டேன்.

"சார், ஏற்றுமதின்னு காட்டுதோம். துறைமுகத்துல குடுக்கிற ஷிப்பிங் பில் ஒண்ணுகூட நம்மகிட்ட இல்லையே."

"அவுக கேக்கும்போது பாப்போம்வே. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லுத ஆளு நீரு ஒருத்தர்தான்."

அதோடு விட்டுவிட்டேன். எனக்குச் சார் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேலும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை.

அவர்கள் கேட்டார்கள். பிஸ்கட் டின் உறுமியது. ஜைத்தூன் பேர் ஒட்டிய போனில் நோட்டீஸ் வந்திருப்பதாகச் செய்தி. ஏற்றுமதி என்று காட்டியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். சாரிடம் காட்டினேன். "ஒண்ணு ரெண்டு இப்படித்தான் வரும். கெடக்கட்டும்" என்றார். இரண்டாவது வந்தது. "கெடக்கட்டும்." ஜைத்தூனுக்கு ஒரு போன் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? போடவில்லை. பார்ட்டிக்குச் சந்தேகம் வரக் கூடாதே!

மூன்றாவது, தபாலில் அவள் வீட்டுக்கே போய்விட்டது. தபாலைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, இதுல என்னமோ வேணும்னே மறைச்சு மோசடி பண்ணியிருக்கேன்னு போட்டிருக்கு. பதிவ ரத்து பண்ணுவாகளாம். நான் யார மோசடி பண்ணினேன்? இதுக்கு முன்னால ரெண்டு தடவ அனுப்பியிருக்காகளாம். எனக்கு ஒண்ணும் வரலியே?"

நான் அலமாரியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். சார்தான் பதில் சொன்னார். "எல்லாருக்கும் வாரதுதாம்மா. விசாரணைக்கு நான் வாரேன்லா? நீ வாயத் தொறக்காம உக்காந்திரு, போதும்."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். இப்படிப்பட்ட வழக்கில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தெரியாமல் நடந்த தவறா, தெரிந்தே மறைத்ததா? தவறு என்றால் வரியையும் வட்டியையும் சின்ன அபராதத்தையும் கட்டிவிட்டுக் கடையை நடத்தலாம். மறைத்தது என்றால் வரி அளவுக்கே அபராதம், பதிவும் போகும், கூடவே மோசடிக்காரி என்கிற பேர். அவள் கடை நிற்குமா விழுமா என்பது இந்த ஒன்றில்தான் இருந்தது.

விசாரணை நாளில் நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு சாருக்குப் பின்னால் போனேன். அதிகாரி ஒரு பெண்மணி. கத்தவில்லை, மிரட்டவில்லை. வெப்சைட் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெளிநாட்டு பில் விலாசத்துக்கு வரி இல்லைன்னு இந்த செட்டிங்க யார் போட்டது?"

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "பார்ட்டியே போட்டுக்கிட்டாங்க மேடம். அவங்க குடுக்கிற பட்டியல வச்சு நாங்க ரிட்டர்ன் மட்டும் போடுறோம். அவ்வளவுதான் எங்க வேலை."

ஜைத்தூன் சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோப்பு என் மடியில் இருந்தது. அதற்குள் நாள்காட்டித் தாள் இருந்தது. நான் கோப்பின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாடாவில் எத்தனை முடிச்சு என்று இப்போதும் சொல்வேன்.  அதிகாரி, "எழுத்து மூலமா விளக்கம் குடுங்க. இல்லேன்னா இதை வேணும்னே செஞ்சதாத்தான் எடுத்துக்க வேண்டியிருக்கும்" என்று அடுத்த தேதி கொடுத்தார்.

வெளியே வந்ததும் சார் காரில் ஏறிப் போய்விட்டார். நானும் அவளும் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு நான் பேச வந்தேன், சார் பேச உடல. இன்னைக்கு நீங்க பேசுவீகன்னு நெனச்சேன், நீங்க பேசல. எங்கூட்டு ஆளு படுத்துக் கெடக்காக, எனக்கு வேற வருமானம் இல்ல அண்ணாச்சி. ஆனா நான் பயப்படுறது அதுக்கில்ல. ஊரான் துட்ட நம்பி அனுப்புதான். சர்க்காருக்குச் சேர வேண்டிய ஹக்கத் தின்னவள்னு எம் பேரு போயிட்டா எவன் அனுப்புவான்? அடுத்தவுக ஹக்கு ஒரு பைசா எடுத்தாலும் எங்களுக்கு ஹராம். செய்யாத பாவத்த என் தலையில வச்சிட்டு ஒருத்தரு காருல போயிட்டாரு. ஒருத்தரு பக்கத்துல நிக்கீக."

 பஸ் வந்தது. அவள் முன்பக்கம் ஏறினாள், நான் பின்பக்கம் ஏறினேன்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய், மணி அடிக்காமலேயே சார் முன்னால் போய் நின்றேன். முப்பது வருஷத்தில் அது முதல் தடவை.

"சார், அந்தப் பொம்பளைக்கு விளக்கம் எழுதணும். செட்டிங் நம்ம ஆபீஸ்ல போட்டதுன்னு எழுதிருவோம். தவறுன்னு எடுத்துக்கிடுவாக."

"என்னவே, பத்தாங்கிளாஸ் வக்கீலாயிட்டீரோ?"

"நீங்க சொல்லித்தான சார் போட்டேன்?"

"நான் சொன்னதுக்கு என்னவே ஆதாரம்? டிக் போட்ட கை யாரு கை? உம்ம கை. கேஸுன்னு வந்தா நீருதான் உள்ள போவீரு. பொண்ணு காலேஜுல படிக்கா, பையன் பன்னெண்டாப்பு. நல்லா யோசிச்சுப் பேசும்."

கோமதி, சங்கர், உங்கள் பேரைச் சொல்லித்தான் என்னை மிரட்டினார். அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் எனக்குப் பயம்தான் இருந்தது. அந்த நிமிஷத்தில் பயம் போய்விட்டது. மேஜை மணியை எடுத்து ஜன்னல் வழியாக எறியலாமா என்று வந்தது. எறியவில்லை.

"ஆமா சார், எங் கைதான். அதத்தான் போய்ச் சொல்லப் போறேன்."

என் மேஜையில் இருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டேன். ஜைத்தூன் கோப்பை எடுத்தேன். அலமாரியைத் திறந்து, பிஸ்கட் டின்னில் அவள் பேர் மட்டும் ஒட்டியிருந்த போனையும் எடுத்துக்கொண்டேன். சார் மணியைத் தட்டினார். படி இறங்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் நான் 'ரிட்டயர்டு' ஆனேன். வீட்டுக்கு வந்து, கண் சரியில்லை, வேலையை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

அங்கிருந்து நேரே கடையநல்லூர் போனேன். ஜைத்தூன் வாசலில் நின்றே கோப்பை வாங்கினாள். போனை வாங்கித் திருப்பி, ஒட்டியிருந்த தன் பேரைப் படித்தாள்.

"எம் பேருல இப்படி ஒரு போனு இருக்கதே எனக்குத் தெரியாதே!" அமுக்கிப் பார்த்தாள். இரண்டு நோட்டீஸ் செய்தியும் வந்த நாள் நேரத்தோடு இருந்தன. இரண்டையும் படித்தாள். பிறகு, "உள்ள வாங்க" என்றாள். அது வரவேற்பு இல்லை, வேலை இருக்கிறது என்கிற அர்த்தத்தில்.

அவள் எதையும் தூரப் போடுகிறவள் இல்லை. கூரியர் சீட்டு ஒவ்வொன்றையும் அரிசிப் பையில் போட்டு வைத்திருந்தாள். தரையில் கொட்டினோம். அவளுடைய மாப்பிள்ளை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடியே ஒவ்வொரு சீட்டாக வாங்கி விலாசத்தை உரக்கப் படிக்க, நான் பட்டியலில் சரிபார்த்தேன். அன்றைக்குத்தான் திரையை வலது பக்கம் தள்ளினேன். பார்சல் போன விலாசம் ஒன்றுவிடாமல் இருந்தது. எதை அவள் மறைத்தாள் என்றார்களோ, அதை அவள் மாதாமாதம் எங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். மறைக்க நினைக்கிறவள் வீட்டு நம்பர், தெருப் பேரோடு எழுதி அனுப்புவாளா?

நடுவில் அவர் கேட்டார். "அண்ணாச்சி, இந்த சீட்டு எங்க சின்னம்மா வீட்டுக்குப் போனது. மூணாவது வீடு. இதையுமா எக்ஸ்போர்ட்டுன்னு போட்டிய?"

"ஆமா."

அவர் சிரித்தார். இடுப்பு வலித்துச் சிரிப்பை நிறுத்தினார். ஜைத்தூன் சிரிக்கவில்லை.

அடுத்த விசாரணையில் சார் இல்லை. நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீட்டினேன். செட்டிங் போட்டது நான், ஆபீசில் வைத்துப் போட்டது, அப்படிப் போடச் சொன்னது இன்னார், நோட்டீஸ்கள் இந்த அம்மாளுக்குப் போய்ச் சேரவில்லை, காரணம் இது. அதோடு நாள்காட்டித் தாளையும் வைத்தேன். அதிகாரி வெப்சைட்டில் செட்டிங் போட்ட தேதியை எடுத்துப் பார்த்தார். தாளைத் திருப்பினார். தேதி ஒத்துப்போனது. இன்னும் எதையோ உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கரிநாள்னு போட்டிருக்கு. கரிநாள்ல போயா டிக் போட்டீங்க?"

ஜைத்தூன் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

தவறு என்று முடிவானது. பதிவு பிழைத்தது. ஆனால் வரி வரிதான். வாங்கியவர்களிடம் வசூலிக்காத வரியை, வட்டியோடும் சின்ன அபராதத்தோடும், அவள் தன் கையிலிருந்துதான் கட்டினாள். வாங்கினவர்களிடம் கேட்கலாமே என்றேன். "வித்து முடிஞ்ச பொருளுக்கு இனி எப்படிக் கேக்க? பில்லுல போடாதது நம்ம தப்பு" என்றாள். எப்படிக் கட்டினாள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்து, என் கண் முன்னாலேயே, பில் விலாசத்தில் இருந்த டிக்கை எடுத்துப் பார்சல் விலாசத்தில் தானே போட்டாள். "இனிமே எல்லாத்தையும் நானே பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றாள். அதில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. கடை இன்றைக்கும் நடக்கிறது.

சாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. என் கடிதத்தைப் பற்றிக் கேட்டபோது, வேலையிலிருந்து நீக்கின ஆத்திரத்தில் எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டாராம். ரத வீதியில் எதிரே வந்தால், "என்னவே, கண்ணு எப்படி இருக்கு?" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி விசாரிக்கிறார். நூல் கடை மாடியில் அதே பெயர்ப்பலகை. அந்த டின்னும் அங்கேதான் இருக்கும். இந்த ஊரில் எத்தனை பேருக்கு வந்த கடிதம் அதற்குள் உறுமிக்கொண்டு கிடக்கிறதோ, எனக்குத் தெரியாது. அந்த மாடியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே கொதிக்கிறது. வயசானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை, தணிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இதனால்தான் போனை வைத்தேன் சங்கர். 'என்ன இருக்கோ அப்படியே விட்டுரு' என்று நீ சொன்னபோது எனக்கு உன் குரல் கேட்கவில்லை. 'கெடக்கட்டும்' என்று ஒரு குரல் கேட்டது. சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்கிறாய். அதைச் செய்தவர் எந்த ஊரோ. கடையநல்லூர்ச் சபுராளி கட்டிலில் படுத்துக்கொண்டு உம்மாவுக்குத் துப்பட்டி வாங்குவதை அவர் எங்கே கண்டார்? தெரியாததை அது ஒரு டிக்காகப் போட்டு வைத்திருக்கிறது. அதைத் தொடாமல் விட்டால், அவருக்குத் தெரியாதது உன் அக்கா தலையில் விழும். டிக் போட்ட கை யாருடையது என்றுதான் அன்றைக்குக் கேட்பார்கள்.

கோமதி, பதிவில் உன் சொந்த நம்பரைக் கொடு. என் நம்பர்கூட வேண்டாம்.

உன் கேள்விக்குப் பதில் மூன்றாவது கட்டம். சரக்கு இறங்குகிற விலாசம். ஆனால் நான் சொன்னேன் என்று டிக் போட்டுவிடாதே. எனக்கு இன்னும் உன் கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. புளியங்குடி எலுமிச்சையில் ஊறுகாய் போடுகிறாய் என்று மட்டும் சொன்னாய். நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பது வருஷம் கேட்காமலேயே வேலை பார்த்தவன் நான். அன்றைக்கு ஜைத்தூன் எழுந்து நின்றபோது அவளைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

போன் பக்கத்தில்தான் இருக்கிறது. கூப்பிடு, எடுக்கிறேன். எடுத்ததும் முதல் கேள்வி நான்தான் கேட்பேன்: யம்மா, உன் ஊறுகாய யாரு வாங்குதாக? பார்சல் யாரு வீட்டு வாசல்ல போய் எறங்குது?